அரைத் துண்டு

எல்க் ஹாலோ, விஸ்கான்சின்
12 செப்டம்பர் 1994

லின்னேயா,

போன் செய்யாதே. ஏற்கெனவே செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மணிச் சத்தம் உன் அம்மாவுக்குத் தலையில் ஆணி இறக்குவது போல இருக்கிறதாம். போன மாதக் கடைசியிலேயே வயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். எழுது. உன் கப்பலுக்கு டெட்ராய்ட் தபால் படகு வழியாகத்தான் கடிதம் வரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். வாளியில் கட்டி மேலே இழுப்பீர்களாமே. இது அந்த வாளியிலிருந்து ஏரியில் விழாமல் உன்னிடம் வந்தால் சரி.

இரண்டாவது முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. முடி போய்விட்டது. நீலத் துணி கட்டிக்கொள்கிறாள். அது பரவாயில்லை. சாப்பாடுதான். 131 பவுண்டு இருந்தவள், வெள்ளிக்கிழமை 106. நூறுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவைப்பேன் என்று டாக்டர் சொல்கிறார். நிறுத்தினால் கட்டி நிற்காது. அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் காது கேட்கும்.

சர்ச் பெண்கள் தினம் ஒரு தட்டு கொண்டுவந்து வைக்கிறார்கள். எல்லாம் நூடுல்ஸும் டின் சூப்பும். தட்டுகளின் அடியில் அவரவர் பெயர் எழுதி ஒட்டியிருப்பதால் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலியாகக் கொடுக்க வேண்டுமே என்று நானே தின்றேன். ஏழு பவுண்டு ஏறிவிட்டேன். அவளுக்கு இறங்குகிறது, எனக்கு ஏறுகிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மீட்லோஃப் இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன்"னு. பக்கத்து வீட்டு வெர்னா மாட்டுக் கொத்துக்கறியை ரொட்டி போலக் கட்டியாகச் சுட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் "துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டாள். மருந்தினால் சிவப்புக் கறி அப்படித்தான் இருக்குமாம். வான்கோழியில் செய்து பாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

நீ கப்பலில் அதைச் செய்வதாக அம்மா சொல்கிறாள். எப்படிச் செய்வது என்று எழுது.

வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இது அதைப் பற்றியது அல்ல.

ஓர்லன் ட்வெய்ட்

*

ஹூரான் ஏரியில்
17 செப்டம்பர்

அப்பாவுக்கு,

நீங்கள் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தீர்கள். மின்வாரியத்திலிருந்து வந்த கடிதமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்து அழுதேன், பிறகு கோபப்பட்டேன், பிறகு இருபத்தாறு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தேன். வயரைப் பிடுங்கியிருப்பீர்கள் என்று தோன்றவே இல்லை.

மீட்லோஃபுக்கு வருகிறேன். சுக்கான் பிடிக்கும் ஹாரிக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வான்கோழியில்தான் செய்கிறேன். ஆகவே இது எனக்குக் கைப்பழக்கம்.

ஒன்றரைப் பவுண்டு கொத்துக்கறி வாங்குங்கள். தொடைக்கறி கலந்தது. நெஞ்சுக்கறி மட்டும் உள்ள பொட்டலம் வேண்டாம், கொழுப்பே இருக்காது, வறண்டுவிடும். அரைக் கிண்ணம் ஓட்ஸைப் பாலில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு வெங்காயத்தைத் துருவி, வெண்ணெயில் மெதுவாக வதக்கி, ஆறவிடுங்கள். காளான் கிடைத்தால் பொடியாக நறுக்கி அதோடு வதக்கலாம், ஈரம் நிற்கும். முட்டை ஒன்று. உப்பு ஒரு சிறு கரண்டி. எல்லாவற்றையும் விரல் நுனியால் கலக்க வேண்டும். பிசையக் கூடாது. பிசைந்தால் ரப்பர். மேலே பூச தக்காளி சாஸ், நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் கடுகு விழுது. ஓவன் 350 டிகிரியில். முக்கால் மணி நேரம். எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

அம்மாவுக்கு உலோகச் சுவைதான் தொந்தரவு என்றால் தகரத்தட்டில் சுடாதீர்கள், கண்ணாடித் தட்டில் சுடுங்கள். பிளாஸ்டிக் முள்கரண்டி கொடுங்கள்.

இனி மற்றது. நான் ஆகஸ்டில் எட்டு நாள் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பினேன். "அம்மாவைவிட அந்த இரும்புப் படகு பெருசா உனக்கு?" என்று நீங்கள் கேட்டீர்கள். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை, ஆனால் நீங்கள் ஒருவேளை வேறு வார்த்தைகளில் நினைவு வைத்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்: "முப்பத்தாறு வருஷத்துல ஒரு முட்டை அவிச்சிருக்கீங்களா? உங்க கையில அம்மா பட்டினியாலதான் போவா." அது சரியான வாக்கியம் இல்லை. அதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா சாப்பிடவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். கேப்டனிடம் பேசிவிட்டேன். மாற்று ஆள் கிடைத்ததும் என்னை இறக்கிவிடுவார், ஆனால் போனால் இந்தப் பருவத்துக்குத் திரும்ப எடுக்க மாட்டார். போக வேண்டுமா என்பதை உங்கள் கடிதத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன். எனக்கு வேறு கண் இல்லை.

லின்னேயா

*

எல்க் ஹாலோ
23 செப்டம்பர்

லின்னேயா,

செய்தேன். தொடைக்கறி கலந்தது கடையில் இல்லை. நெஞ்சுக்கறிப் பொட்டலத்தில் "99 சதவீதம் கொழுப்பற்றது" என்று பெரிதாகப் போட்டிருந்தது. நல்லதுதானே என்று வாங்கினேன். நீ வேண்டாம் என்று எழுதியது வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தது. ஓட்ஸை ஊறவைக்கவில்லை. கலக்கும்போது ஒட்டாமல் இருந்ததால் நன்றாகப் பிசைந்தேன். கார் டயரை ஒட்டலாம் போல வந்தது.

உன் அம்மா ஒரு வாய் எடுத்தாள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு காகிதத்தில் துப்பி மடித்துவைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஓர்லன்" என்றாள். பொய் சொல்லும்போது மட்டும்தான் அவள் என் பெயரைச் சொல்வாள்.

மீதியைக் கொல்லையில் போட்டேன். குப்பையைக்கூடத் தின்னும் ரக்கூன் வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

104 பவுண்டு.

ஓ. ட்வெய்ட்

*

டூ ஹார்பர்ஸ், தாதுத் துறைமுகம்
28 செப்டம்பர்

அப்பாவுக்கு,

ரக்கூன் வரியைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். தலைமைச் சமையற்காரர், "உங்க அப்பாவை நம்ம கப்பலுக்குக் கூட்டிட்டு வா, எலித்தொல்லை தீரும்" என்றார். சிரித்தேன். பிறகு 104 என்ற எண்ணைப் பார்த்தேன்.

அடுத்த நகரத்துக் கடைக்குப் போங்கள். தொடைக்கறி கலந்தது இருக்கும். ஓட்ஸ் ஊறினால் ஒட்டும், பிசைய வேண்டியதே இல்லை. வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

மூன்றாவது மருந்து 17-ஆம் தேதி என்று அம்மா முன்பு எழுதியிருந்தாள். இன்னும் பத்தொன்பது நாள். நான் நாட்களையும் பவுண்டுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகம் திறந்தால் அதே பக்கம். நேற்று ஒரு நாவலில் ஒரு குடும்பம் சாப்பிட உட்காரும் காட்சி வந்தது. மூடிவைத்துவிட்டேன்.

நான் வரவா? ஒரு சொல் போதும்.

லின்னேயா

*

எல்க் ஹாலோ
3 அக்டோபர்

லின்னேயா,

வர வேண்டாம். நேற்று ஞாயிறு. தொடைக்கறி கிடைத்தது. நீ சொன்னபடியே எல்லாம். முக்கால் மணி நேரம், கடிகாரம் பார்த்து எடுத்தேன். மேலே சாஸ் பளபளவென்று கருஞ்சிவப்பாக இருந்தது. சர்ச் பெண்கள் பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருப்பார்கள்.

உன் அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாள். இரண்டு முழுத் துண்டு. நடுவில் இளஞ்சிவப்பாக, மெத்தென்று, அவளுக்குப் பிடித்த பக்குவத்தில் இருந்தது. மாட்டுக்கறியில் அவள் எடுப்பாளே, அதே மாதிரி.

முட்டை அவிக்கத் தெரியாதவன் செய்தது.

ஓர்லன்

*

சுப்பீரியர் ஏரியில்
7 அக்டோபர்

அப்பா,

உங்கள் கடிதம் நேற்று வாளியில் வந்தது. முதல் பத்தியைப் படித்துவிட்டு நடைபாதையில் நின்று சிரித்தேன். இரண்டாவது பத்தியை மூன்று முறை படித்தேன்.

நடுவில் இளஞ்சிவப்பு. அப்பா, வான்கோழியில் அது கூடாது. மாட்டுக்கறியில் கூட இப்போது வேண்டாம் என்கிறார்கள், வான்கோழியில் கூடவே கூடாது. உள்ளே 165 டிகிரி வர வேண்டும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் நடு வேகாமல் இருக்கும். அம்மாவின் உடம்பில் இப்போது எதிர்ப்புச் சக்தியே இல்லை. நமக்கு இரண்டு நாள் வயிற்றுவலியாகப் போவது அவளுக்கு…

காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். நூறைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். இதை எழுதும்போதே தெரிகிறது, நீங்கள் படிக்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும், ஒன்று நல்லபடியாக அல்லது வேறு விதமாக.

தவறு என்னுடையது. இங்கே நான் சின்னச் சின்ன அச்சுகளில் சுடுகிறேன், ஆளுக்கு ஒன்று. எங்கள் ஓவனில் விசிறி உண்டு. முக்கால் மணி நேரம் அதற்குச் சரி. நம் வீட்டு ஓவனில், ஒன்றரைப் பவுண்டு முழுசாக, ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். என் கை எழுதிய கணக்கு, என் தலை யோசிக்கவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள் என்று எழுத நினைத்தேன். அதை எழுதினால், 'எனக்கே பாடம் எடுக்கிறாயா' என்று நீங்கள் காகிதத்தைக் கசக்கிவிடுவீர்கள் என்று பயந்து விட்டுவிட்டேன். ஒரு வரிக்குப் பயந்தேன்.

8 அக்டோபர், டூ ஹார்பர்ஸ்

கரையில் இறங்க இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன், மணி மட்டும். வெர்னாவுக்குச் செய்தேன். "புதன்கிழமை காலையில உங்க கார் போச்சு கண்ணு, இன்னும் திரும்பலை. பின்சீட்டுல யாரோ போர்வை போர்த்திப் படுத்திருந்த மாதிரி இருந்துச்சு. நான் கேக்கலாம்னு வெளிய வர்றதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்குச் செய்தேன். ஆர்டிஸ் ட்வெய்ட் என்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் இரண்டு முறை தேடினாள். "அந்தப் பேர்ல யாரும் இல்லீங்க" என்றாள். இல்லை என்றால்? வேறு இடத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்பதற்குள் என் காசு தீர்ந்தது. கப்பல் சங்கு ஊதியது.

வாசலில் நான் சொன்ன வாக்கியம் தலைகீழாக வந்து நிற்கிறது. பட்டினி இல்லை அப்பா. உணவு. அதுவும் நான் எழுதிக் கொடுத்த உணவு.

யாராவது எழுதுங்கள்.

லின்னேயா

*

எல்க் ஹாலோ
9 அக்டோபர், ஞாயிறு

லின்னேயா,

உன் அம்மா நலம். இதை முதலில் படி. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் வானொலியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்று மதியம் வீட்டுக்கு வந்தோம். கார் நின்றதும் வெர்னா ஓடிவந்து நீ போன் செய்ததைச் சொன்னாள். மறுபடி நீ கூப்பிட்டால் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று மட்டும் சொல், மற்றதை நான்தான் எழுத வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அவள் இரண்டு துண்டு சாப்பிடவில்லை. ஒரு துண்டும் இல்லை. ஒரு வாயும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிலிலிருந்து எழவே இல்லை. வாசனை வருது, கதவைச் சாத்து என்றாள். நான் மேசையில் தனியாக உட்கார்ந்தேன். எதிரே அவள் தட்டு. இரண்டு துண்டையும் நான்தான் தின்றேன். பிறகு மீதியையும். நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தது உண்மை. மற்றதெல்லாம் நான் எழுதியது.

ஏன் என்று நீ கேட்பாய். முட்டை அவிக்கத் தெரியாதவன் என்றாயே. அதற்காக. வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய்யாகும்.

செவ்வாய்க்கிழமை வயிறு பிடுங்க ஆரம்பித்தது. புதன் காலையில் குளியலறைத் தரையிலிருந்து எழ முடியவில்லை. காய்ச்சல் 103. உன் அம்மா வந்து கதவில் நின்றாள். ஆறு வாரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவள். என்னை இழுத்துப் பின்சீட்டில் போட்டு, போர்வை போர்த்தி, பதினெட்டு மைல் அவளே ஓட்டினாள். நீலத் துணியோடு. நாற்பதுக்கு மேலே போகவே இல்லை, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். "அடிச்சுக்கிட்டே இரு, எனக்கு ஏற்கெனவே புற்றுநோய்"னு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

வான்கோழிக் கறியின் கிருமிதான் என்றார்கள். நான்கு நாள் நரம்பில் உப்புநீர். என் பேரில்தான் படுக்கை, அதனால்தான் அவள் பேர் அங்கே இல்லை. எனக்கிருந்தது அவளுக்குத் தொற்றக் கூடாது என்று வார்டுக்குள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளின் வீட்டார் தங்கும் விடுதியில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டுவாள். ஒரு நாள் நர்ஸிடம் சீட்டு கொடுத்தனுப்பினாள்: "முப்பத்தாறு வருஷம் நான் சமைச்சேன், ஒரு நாள் உனக்கு வயிறு வலிச்சுதா? எனக்காகச் சமைச்சு நீ முதல்ல போயிடாதே." சீட்டில் எங்கேயும் என் பெயர் இல்லை. அதனால் நம்பினேன்.

ஒன்று சொல்கிறேன். நான் முப்பத்தோரு வருடம் பால் தொழிற்சாலையில் ஒரு தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவன். பால் 161-ஐத் தொடாவிட்டால் வால்வு திரும்பிக்கொள்ளும், ஒரு சொட்டு முன்னே போகாது, வந்த வழியே திரும்பிப் போகும். அந்த வால்வை நான் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. கறியில் அதை வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. கறி என்றால் அவள் கத்தியால் கீறிப் பார்ப்பாள், இளஞ்சிவப்பு என்றால் தலையாட்டுவாள். முப்பத்தாறு வருடம் அதைத்தான் பார்த்தேன். நீ எழுதாததால் இல்லை. எழுதியிருந்தால் கசக்கியிருப்பேன்.

அவள் எடை 101. இதுவும் நிஜம்.

அப்பா

*

டெட்ராய்ட் ஆற்றில்
13 அக்டோபர்

அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை கிளீவ்லாந்திலிருந்து வெர்னாவைக் கூப்பிட்டேன். "வந்துட்டாங்க கண்ணு. மிச்சத்தை உங்க அப்பா எழுதுறாராம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம்" என்றாள். வாயைத் திறக்கக் கூடாத செய்தி என்றால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து முடித்த இடங்களை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இன்று கடிதம் வந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசிவரை படித்த பிறகு கடிதத்தைக் கிழிக்க நினைத்தேன். எனக்கு வேறு கண் இல்லை என்று எழுதியிருந்தேனே. அந்தக் கண்ணில் நீங்கள் இரண்டு துண்டு மீட்லோஃபை வரைந்து அனுப்பினீர்கள். அதை நம்பி நான் இங்கே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும். ஆனால் எதிரே அம்மாவின் தட்டை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றது கோபத்தை முழுசாக வரவிடாமல் செய்கிறது.

முட்டை வாக்கியத்தை நான் திரும்பப் பெறுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும். போகும்போது குற்றவுணர்ச்சியோடு போகக் கூடாது என்பதற்காக உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போனேன். அதுதான் நடந்தது.

இன்னும் நான்கு நாள். 101. நான் இப்போதே வர வேண்டுமா இல்லையா என்று இனி உங்களிடம் கேட்கவில்லை. அம்மா என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் எழுதுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

லின்னேயா

*

எல்க் ஹாலோ
18 அக்டோபர்

லின்னேயா,

நேற்று எடை பார்த்தார்கள். 99½. மருந்து ஏற்றவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். நூறைத் தொட்டால் ஏற்றுவாராம்.

சாயங்காலம் அவள் சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "செய். நான் பாக்குறேன்" என்றாள். "வாசனை?" என்றேன். "ஜன்னலைத் திற" என்றாள். கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் என் கிருமி முழுதாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் வெளுப்புத்தூள் தண்ணீரில் மேசையைத் துடைத்தேன், மூன்று முறை கை கழுவினேன். ஓட்ஸ் ஊறவைத்தேன். வெங்காயம் துருவும்போது கண்ணில் நீர். "எனக்காக அழுறியா, வெங்காயத்துக்கா?"ன்னா. "வெங்காயத்துக்குத்தான்" என்றேன். விரல் நுனியால்தான் கலந்தேன். கண்ணாடித் தட்டு.

தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கொடுத்த தெர்மாமீட்டர் பரிசுப்பெட்டியிலேயே இருந்தது. வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் நடுவில் குத்தினேன்: 138. மேலே அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளப்பு. இதைத்தான் தின்றேனா என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். திரும்ப உள்ளே வைத்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம்: 157. திரும்ப உள்ளே. ஒரு மணி இருபது: 166. மூன்று இடத்தில் குத்தினேன். 166, 168, 166. எடுத்தேன். பத்து நிமிடம் தொடவில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் பெரியது.

அவள் பிளாஸ்டிக் முள்கரண்டியை எடுத்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அரைத் துண்டு. ஒரு துண்டை வெட்டி, அதைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியைச் சாப்பிட்டாள். முழுக்க விழுங்கினாள். நாற்பது நிமிடம் ஆனது. வாந்தி இல்லை. காகிதத்தில் எதுவும் இல்லை, பார்த்தேன். "உப்பு பத்தலை"ன்னா. என் பெயரைச் சொல்லவில்லை.

அரைத் துண்டு. அதற்கு மேல் ஒரு வாயும் எழுத மாட்டேன்.

ஒரு சொல் போதும் என்று போன மாதம் எழுதியிருந்தாய். அப்போது எழுதாததை இப்போது எழுதுகிறேன். வா.

அப்பா

*

டெட்ராய்ட் ஆற்றில்
21 அக்டோபர்

அப்பாவுக்கு,

கேப்டனிடம் அரைத் துண்டு என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மாத்து ஆள் இல்லாட்டி என்ன, ஹாரி உருளைக்கிழங்கு உரிப்பான். நீ போம்மா" என்றார். 24-ஆம் தேதி டூ ஹார்பர்ஸில் இறங்குகிறேன். அன்றே பஸ். அன்றுதான் மறுபடி எடை பார்ப்பார்கள் என்று தெரியும். முடிவை நான் கரையில் கால் வைத்த பிறகுதான் தெரிந்துகொள்வேன். இந்த மூன்று நாளில் என் தலை போகும் இடங்களுக்கு நீங்கள் துணைக்கு வர வேண்டாம், நானே போய்த் திரும்பிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை சமைப்பது நீங்கள்தான். நான் வெங்காயம் துருவித் தருகிறேன், அவ்வளவுதான். உப்பு அம்மா சொல்லட்டும்.

திங்கட்கிழமை மட்டும் போன் வயரை மாட்டிவையுங்கள். கரையிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நிறுத்துகிறேன். எடுக்க வேண்டாம், அம்மாவுக்குத் தலை வலிக்கும். ஒரு மணி என்றால் நான் இறங்கிவிட்டேன். அம்மா நூறைத் தொட்டிருந்தால் மட்டும், நான் நிறுத்துவதற்குள் எடுத்துவிடுங்கள்.

லின்னேயா